வேலியில்லாத கேட்

என் தாத்தா வாடகை கொடுத்ததில்லை, வாங்கியதுமில்லை. அப்பாவும் அப்படித்தான். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு வீடு என்பது வேலையோடு வருவது. செக்ரோலில் பெயர் இருந்தால் காம்பிரா உண்டு, அவ்வளவுதான் கணக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு, மேலே தகரம். கூரை ஒழுகினால் ஆபீசில் போய்ச் சொல்ல வேண்டும். ஆபீசில் எழுதிக்கொள்வார்கள். எழுதிக்கொண்டது பிறகு எங்கே போகும் என்பது துரைக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். தகரம் காற்றில் பறக்காமல் கல்லையும் பழைய டயரையும் தூக்கி வைப்பது குடியிருப்பவர் பொறுப்பு. ஆகவே ஒரு வீட்டில் எந்தத் திருத்த வேலை பிரயோசனம், எது வீண் செலவு என்று தீர்மானிக்கிற அறிவு எங்கள் வம்சத்தில் யாருக்கும் தேவைப்படவேயில்லை. அதை முதன்முதலாகக் காசு கொடுத்து வாங்கியவன் நான். ரசீதுகள் பத்திரமாக இருக்கின்றன.

வீடு பொல்பிட்டியவில். ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்குப் போகிற ஒருவர் 2021இல் விற்றார், வங்கிக் கடனில் நான் வாங்கினேன். அஸ்பெஸ்டஸ் கூரை, இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, பின்பக்கம் செங்குத்தாக வெட்டிய மண் மேடு, மேட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கக்கூஸ். நான் படிப்பிப்பது ஹட்டன் பக்கத்தில், குடியிருப்பதும் ஹட்டனில், அதுவும் வாடகைக்கு. ஹட்டனில் வீடு வாங்க என் சம்பளம் இடம் கொடுக்கவில்லை, பொல்பிட்டியவுக்குக் கொடுத்தது. அதனால் மாத முதல் வாரத்தில் ஒரு வீட்டுக்காரருக்கு வாடகை கொடுத்து அவரைக் குறை சொல்வதும், அடுத்த வாரம் இன்னொருவரிடம் வாடகை வாங்கி அவரைக் குறை சொல்வதும் எனக்கு ஒருசேர வாய்த்திருக்கிறது.

அந்த ஊரில் வாடகைக்கு ஆள் கிடைக்குமா என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. லக்ஷபான நீர்த்தேக்கத்துத் தண்ணீர் சுரங்கத்தால் இறங்கி வந்து சுற்றுகிற மின்நிலையம் 1969 முதல் அங்கே இருக்கிறது. சமனல மின்நிலையம் என்பது அதன் பெயர், ஊரார் வாயில் எப்போதும் பொல்பிட்டிய பவர் ஸ்டேஷன். அதற்குக் கீழே கித்துல்கலைப் பக்கம் 35 மெகாவாட் புரோட்லண்ட்ஸ் திட்டத்துக்கு வருடக்கணக்காக வேலை நடந்தது. திட்டத்துக்கு வருகிறவர்கள் வீடு கேட்டு அலைகிறார்கள் என்று டீக்கடையில் கேள்விப்பட்டேன். கேட்டது நிஜம்தான். ஆனால் திட்டம் என்றால் ஒருநாள் முடியும் என்பதை நான் யோசிக்கவில்லை. நான் உறுதியில் கையெழுத்து வைத்த காலத்தில் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

திருத்த வேலைக்கு நான் தெரிந்தெடுத்த வருடம் 2022. இலங்கையின் சரித்திரத்திலேயே வீடு திருத்த ஆக மோசமான வருடம் எது என்று யாராவது போட்டி வைத்தால் என் பதிலுக்குத்தான் முதல் பரிசு. அதற்கு முந்திய வருடம் ஆயிரத்துச் சொச்சத்துக்கு விற்ற சீமெந்து மூட்டை அந்த வருட நடுவில் மூவாயிரத்தைத் தாண்டியது. ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை ஏழு சதவீதப் புள்ளி ஏற்றியது, என் கடன் தவணையும் பின்னாலேயே ஏறியது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டு. நாட்டுக்கே கறண்ட் அனுப்புகிற ஊரில் மேசன் பாஸும் நானும் மெழுகுதிரி வெளிச்சத்தில் டைல் விலை பேசினோம். புத்தியுள்ளவன் அப்போதே வேலையை நிறுத்தியிருப்பான். நான் விலை இன்னும் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வேகப்படுத்தினேன்.

முதல் செலவு கேட். இரும்புக் கேட், இரண்டு கதவு, நடுவில் சூரியகாந்திப் பூ மாதிரி வேலைப்பாடு, மேலே ஈட்டி முனைகள். லயத்துக்குக் கேட் கிடையாது. கேட் இருந்தது துரை பங்களாவுக்கு. சின்ன வயதில் அந்தக் கேட்டுக்கு வெளியே நின்று அப்பாவுக்காகக் காத்திருந்தவன் கையில் கொஞ்சம் சல்லி வந்ததும் என்ன செய்வான்? கேட் போட்டேன். இரு தூணும் கேட்டுமாகத் தொண்ணூறாயிரம் ஆயிற்று. அதன் பிறகு மதில் கட்டப் பணம் இல்லை. ஆகவே வீதியோரத்தில் கேட் மட்டும் தனியாக, இரு பக்கமும் வெட்டவெளியாக நின்றது, இன்றும் நிற்கிறது. பக்கத்து வீட்டுக் கோழிகள் தூணைச் சுற்றி உள்ளே வருகின்றன. தபால்காரர் மட்டும் மரியாதைக்காகக் கேட்டைத் திறந்து, வந்து, மூடிவிட்டுப் போவார். அவரிடம் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

அடுத்தது கீசர். ஹட்டனில் சுடுதண்ணீர் இல்லாமல் மார்கழியில் குளிக்க முடியாது. நான் பார்க்கப்போன ஹட்டன் வீடுகளில் எல்லாம் முதல் கேள்வியாக நான் கேட்டது கீசர் இருக்கிறதா என்பதே. அதையே என் வருங்காலக் குடித்தனக்காரரும் கேட்பார் என்று நம்பினேன். ஹட்டன் இருப்பது கடல் மட்டத்துக்கு மேல் 1,200 மீட்டரைத் தாண்டி. பொல்பிட்டிய அதற்கு வெகு கீழே, கித்துல்கலையை ஒட்டிய பள்ளத்தில். பஸ் கினிகத்தேனயைத் தாண்டி இறங்க இறங்க நானே ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போனவன்தான். உடம்புக்குத் தெரிந்தது மண்டைக்கு ஏறவில்லை. வீடு பார்க்க வந்த முதல் ஆள் குளியலறையில் கீசரைக் கண்டு, "இது என்னாத்துக்கு சேர்? ஃபேன் கொக்கி எங்க இருக்கு?" என்று கேட்டார். ஒரு ஃபேன் கொக்கியும் நான் வைத்திருக்கவில்லை.

இஸ்தோப்புக்கு டைல். 2020இல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டில் டைலும் அகப்பட்டிருந்ததால் கடைக்காரர் காட்டியதுதான் டைல், சொன்னதுதான் விலை. அவரிடம் மினுங்குகிற சாதி மட்டும்தான் இருந்தது. முகம் தெரிகிற வழவழப்பு. உள்ளேயும் இஸ்தோப்பிலுமாகப் பதித்து முடிக்க ஒரு இலட்சத்து எண்பதாயிரம். வட்டவளை, கினிகத்தேனப் பக்கங்கள் நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்கள், வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டரையும் தாண்டும். அந்த மழை மே மாதத்தில் தொடங்கிச் சாரலாக இஸ்தோப்புக்குள் அடித்தால் வழவழத்த டைல் என்ன ஆகும் என்று பாஸ் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். "சேர், நம்ம பக்கத்துக்குச் சீமெந்துத் தரைதான் காலுக்குப் பிடிக்கும்." பாஸுக்கு ரசனை போதாது என்று நினைத்தேன். இன்றைக்கு அந்த டைல்களின் மேல் உரச் சாக்குகள் விரித்திருக்கிறார்கள். இப்போது அங்கே வாடகைக்கு இருக்கிற டீச்சரின் மாமியார் ஒரு தடவை வழுக்கிச் சுவரைப் பிடித்துத் தப்பிய அன்று விரித்தவை. நான் போகும்போதெல்லாம் அவர் சாக்கின் ஓரத்தைத் தூக்கிக் காட்டி, "டைலு அப்பிடியே புதுசா இருக்கு தம்பி, ஒரு கீறல் விழல" என்பார். கேலியா பாராட்டா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியாது.

கூரையில் மட்டும் பெரிய முட்டாள்தனம் ஒன்றிலிருந்து தப்பினேன், அதுவும் என் சாமர்த்தியத்தால் அல்ல. அஸ்பெஸ்டஸ் தகட்டில் பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தது. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிற மெஷினை வாடகைக்கு எடுத்துக் கழுவி, சிவப்புப் பெயின்ட் அடித்தால் தூரத்திலிருந்து ஓட்டு வீடு மாதிரித் தெரியும் என்பது திட்டம். மெஷின்காரர் அஸ்பெஸ்டஸ் என்றதும் வர மறுத்துவிட்டார். பிறகுதான் விசாரித்தேன். தகடு உடையாமல் சும்மா கிடக்கும்வரை பெரிய வில்லங்கம் இல்லை, தேய்த்தாலும் துளைத்தாலும் வேகமாகத் தண்ணீர் அடித்தாலும் நார் பிரிந்து காற்றில் கலக்கும், மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்குக் கேடு. சரி, இந்தச் சனியன் தகடு ஏன் இன்னும் கடையில் விற்கிறது என்று தேடப்போனால் கதை எங்கள் தேயிலையில் வந்து நிற்கிறது. 2018 ஜனவரியிலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யாவுக்குப் போன இலங்கைத் தேயிலையில் ஒரு கப்ரா வண்டு அகப்பட்டது என்று ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் அனுப்புவதும் ரஷ்யாதான். கட்டுப்பாடு தள்ளிப்போடப்பட்டது, மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. எங்கள் ஆட்கள் பறித்த கொழுந்து கப்பலேறிப் போய் என் கூரையைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கூரை முழுவதையும் மாற்றக் கணக்குப் பார்த்தேன், மயக்கம் வந்தது. வெடித்த தகடுகளை மட்டும் நனைத்து, முழுசாகக் கழற்றி மாற்றச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் மிச்சம் பிடித்த காசில் சீலிங் அடித்தேனே. பாசி பிடித்த தகடு உள்ளிருந்து தெரியக்கூடாதாம். வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டிகள், நடுவில் தங்க நிறக் கோடு. சீலிங்குக்கும் தகட்டுக்கும் இடையில் உண்டான அந்த இருட்டு இடத்தை மரநாய் ஒன்று குடும்பத்தோடு எடுத்துக்கொண்டது. அந்த வீட்டுக்கு முதன்முதலில் குடி வந்தது அதுதான். அட்வான்ஸ் இல்லை, வாடகை இல்லை, இரவில் ஓட்டப்பந்தயம். ஒழுக்கு இருந்தால் எந்த இடம் என்று முன்பு நிமிர்ந்து பார்த்தால் தெரியும். இப்போது சீலிங்கில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு வட்டம் விழும், தண்ணீர் வந்த வழி எங்கோ இருக்கும்.

இத்தனையும் செய்து, ஊதாவுக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட ஒரு நிறம் பூசி, குசினியில் பென்ட்ரி கபட்டும் அடித்து முடித்த பிறகு ஒரு இளம் குடும்பம் வீடு பார்க்க வந்தது. கணவர் கேட்டை மெச்சினார், டைலை மெச்சினார். மனைவி எதையும் பார்க்கவில்லை. நேரே பின் அறைக்குப் போய்க் குனிந்து, சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். புதுப் பெயின்ட் அங்கே கொப்புளித்திருந்தது, நான் ஒரு நாற்காலியைப் போட்டு மறைத்திருந்தேன். நாற்காலியைத் தள்ளிவிட்டுத்தான் குனிந்தார். எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டார். "மழைக்குத் துணி எங்க காயப்போடுறது?" நான் கேட் பக்கம் கையைக் காட்டினேன். "யோசிச்சு சொல்றோம் சேர்" என்று போனவர்கள் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு வந்தவர்களும் யோசித்தார்கள். வீடு பூட்டிக் கிடந்தது.

பூட்டிய வீட்டில் உட்கார்ந்துதான் ஒரு அப்பியாசக் கொப்பியில் கணக்குப் போட்டேன். கணக்கு வாத்தியார் வேலைக்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கு. அந்த ஊரில் அப்படிப்பட்ட வீட்டுக்கு வாடகை பதினைந்தாயிரம். மினுங்குகிற டைலுக்காக யாராவது ஆயிரம் கூடக் கொடுத்தாலும் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்தை எடுக்கப் பதினைந்து வருடம் ஆகும், வட்டியைச் சேர்க்காமல். வீடு ஒரு மாதம் சும்மா கிடந்தால் அந்த ஆயிரத்தில் பதினைந்து மாதத்துடையது ஒரே அடியாகப் போய்விடுகிறது. அப்படியானால் வாடகையைக் கூட்டுகிற வேலை எது என்று தேடியதே பிழை. இருக்கிறவர் பெட்டி கட்டாமல் இருக்க என்ன வேண்டும் என்றுதான் பார்த்திருக்க வேண்டும். கொப்பியில் இரண்டு நிரல் போட்டேன். ஆள் எதற்காக வருவார் என்று ஒன்று, எதற்காகப் போவார் என்று ஒன்று. என் செலவு முழுவதும் முதல் நிரலில் இருந்தது. ஈரம், ஒழுக்கு, தண்ணீர், கறண்ட், துணி காய இடம், கக்கூஸ் எல்லாம் இரண்டாவதில்.

இரண்டாவது நிரலில் நான் முன்கூட்டியே சரியாகச் செய்திருந்த ஒரே வேலை கக்கூசை வீட்டுக்குள் கொண்டுவந்தது. அந்தப் பெருமையும் எனக்குச் சேராது. மழைக்காலத்தில் வெளிக் கக்கூசுக்குப் போய் அட்டைக் கடியோடு திரும்பிய என் மனைவி, இதை உள்ளே கட்டாவிட்டால் வீட்டை விற்றுவிடலாம் என்றார். அப்பா கடைசிவரை எதிர்த்தார். "சோறாக்குற எடத்துக்குப் பக்கத்துல கக்கூசா? எந்த ஊரு நாயம்?" என்று அஸ்திவாரம் வெட்டிய அன்று கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் அவர் வேலை கான் வெட்டு. கவ்வாத்துக்கும் முள்ளுக் குத்துக்கும் போவார், ஆனால் கான் வெட்டத்தான் கங்காணி அவரைத் தேடி வருவார். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் நேரே கீழே ஓடினால் மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் சரிவுக்குக் குறுக்கே, இலேசான வாட்டத்தில் கான் வெட்டுவார்கள். கானுக்குள் இடையிடையே மண் திட்டு விட்டுக் குழி குழியாக எடுப்பார்கள். ஒரு குழி நிரம்பி வழிந்து அடுத்த குழிக்குத் தண்ணீர் போகும், மண் அந்தந்தக் குழியிலேயே தங்கும். பிறகு அந்த மண்ணை அள்ளி மறுபடி செடிக்குப் போடலாம். மட்டப்பலகை இல்லாமல் கண்ணாலேயே வாட்டம் பிடிக்கிறவர் அப்பா. வீடு வாங்கிய புதிதில் அழைத்துப்போனேன். அறைகளை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் போய் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "டேய், இங்க கான் இல்ல. மேட்டுத் தண்ணி எங்க போவும்?" என்றார். "பாத்துக்கலாம்ப்பா" என்றேன். அந்த வாரம் கேட்டுக்கு டிசைன் பார்க்கிற வேலை இருந்தது.

மேட்டுத் தண்ணீர் எங்கே போகும்? பின் சுவருக்குள் போயிற்று. பெயின்ட் கொப்புளித்தது அதனால்தான். பென்ட்ரி கபட்டின் அடிப்பலகை ஊறிய பாண் மாதிரி உப்பிப்போனதும் அதனால்தான். இது பெயின்டோடும் பலகையோடும் நிற்கிற விஷயமுமல்ல. மலையகத்தில் வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மேடு என்றால் அதைப் பார்த்துக்கொண்டே தூங்க வேண்டும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களை அப்படியே மண் மூடிய பிறகு யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. மேட்டுக்கு மேலேயே தண்ணீரை மறித்துப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும், மேட்டில் வெடிப்போ புது ஊற்றோ தெரிந்தால் உடனே வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிக்கொண்டேயிருக்கிறது. அப்பா அந்த நிறுவனத்தின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை, சொன்னது மட்டும் ஒன்றுதான்.

கடைசியில் அவரைச் சமாதானப்படுத்தி அழைத்து வந்தேன். கக்கூஸ் கதவைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் போனார். எழுபது வயதைத் தாண்டியவர், மண்வெட்டியை என்னிடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் எனக்கு அரை மணித்தியாலத்தில் உள்ளங்கை கொப்புளித்திருக்கும். மேட்டுக்கு மேலே ஒரு கான், சுவருக்குப் பின்னால் ஒரு கான், இரண்டும் சேர்ந்து பக்கத்து ஓடைக்கு. மேல் கானுக்குப் பிறகு பாஸை வைத்துச் சீமெந்தும் பூசினோம். கேட் வேலையின் கால்வாசிக்கும் குறைவான செலவு. பின் பக்கத்துக் கூரையை நாலு தகரம் போட்டு இறக்கி, கீழே கொடிக்கயிறு கட்டினேன். பழைய வயரிங்கை எடுத்துவிட்டு ட்ரிப் சுவிட்சோடு புதிதாக இழுக்கச் சொன்னேன். ஃபேன் கொக்கி வைத்தோம். அதற்காக அந்தத் தங்கக் கோட்டுச் சீலிங்கை நடுவில் வெட்ட வேண்டியிருந்தது. மரநாய் அன்று வெளியே போயிருந்தது.

சுவர் காய்ந்த பிறகு வந்தவர் டீச்சர். கணவர், இரண்டு பிள்ளை, மாமியார். டீச்சரும் சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குழாயைத் திறந்து, ஒரு வாளி நிரம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கொடிக்கயிற்றை இழுத்துப் பார்த்தார். "கீசருக்கு கறண்ட் பில்லு கூட வருமே, அதக் கழட்டிக்கிட்டுப் போயிருங்க சேர்" என்றார். கழற்றிக்கொண்டு வந்து ஹட்டனில் என் வாடகை வீட்டில் மாட்டிக்கொண்டேன். அதாவது என் வீட்டுக்காரருடைய வீட்டுக்கு ஒரு திருத்த வேலையை நான் செய்து கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் அவர் வாடகையைக் கூட்டினார். வீட்டில் வசதி கூடியிருக்கிறதாம்.

பென்ட்ரி கபட்டின் அடித்தட்டில் இப்போது டீச்சர் வீட்டார் விறகு அடுக்குகிறார்கள். காஸ் இல்லாமல் தவித்த 2022ஐ மறக்காத மாமியார் பின் இறக்கில் ஒரு அடுப்பு மூட்டியிருக்கிறார், சமையலில் பாதி அங்கேதான். குசினிக்கு நான் செலவழித்ததை நினைத்தால் வயிறு எரியும், அவர் அடுப்பில் வைத்த ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தால் ஆறிவிடும். 2025 நவம்பர் கடைசியில் தித்வா சூறாவளி மலைநாட்டைப் புரட்டிப்போட்ட இரவில் போன் எடுத்து மேடு எப்படி என்று கேட்டேன். பிள்ளைகளோடு மாலையிலேயே சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டோம், கானை நம்பி இருக்கவா முடியும் சேர் என்றார் டீச்சர். சரியான பதில். மழை விட்டுப் போய்ப் பார்த்தபோது கீழ்க் கான் மண்ணால் நிரம்பிக் கிடந்தது. அள்ளுவதற்குத் திரும்பவும் அப்பாவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. பஸ் காசு, சாப்பாடு, வெற்றிலை தவிர அவர் எதுவும் வாங்குவதில்லை. ஆனால் வந்தால் கக்கூசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார். போன தடவை அவரே அதை உபயோகித்துவிட்டு வந்து, "தண்ணி வேகம் போதாது" என்றார்.

கேட்டை என்ன செய்வது என்று இப்போது பேச்சு நடக்கிறது. டீச்சர் அதில் அவரைக்கொடி ஏற்றலாமா என்று கேட்கிறார். அப்பா கழற்றி விற்கச் சொல்கிறார். பழைய இரும்பு எடுக்கிறவர் வந்து, தட்டிப் பார்த்து, சூரியகாந்திப் பூவையும் சேர்த்துக் கிலோக் கணக்கில் ஒரு விலை சொன்னார். அந்த விலைக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மதில் கட்ட எவ்வளவு ஆகும் என்று பாஸிடம் கேட்டிருக்கிறேன். மனைவிக்கு இன்னும் தெரியாது.